இரவல் குட்டி

மருதக்குடி குதிரைப் பண்ணையில் பதினைந்து வருஷத்தில் இருபத்தேழு குட்டிகள் பிறந்ததாக அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. ஒன்றுகூடப் பிறக்கவில்லை. அந்த இருபத்தேழையும் பிறப்பித்தவன் நான்.

என் பெயர் ஜெக்கரியா. மருதக்குடி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து குடமுருட்டிக் கரையோடு நாலு மைல் வந்தால் எங்கள் ஊர். டாக்டர்கள் தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் வருவார்கள். சான்றிதழ் எழுதுவது என் வேலை, எழுதியதில் கையெழுத்துப் போடுவது அவர்கள் வேலை. எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த எழுத்தை நினைத்தால் இப்போது விரலை ஒடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நிலத்துக்கு உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைந்த காலம் அது. ஊருக்கு ஊர் மிராசுதார்கள் நாய்க்கும் பூனைக்கும் பேர் வைத்து நிலத்தை எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மிராசுதார் குஞ்சிதபாதம் மற்றவர்களைவிடப் படித்தவர். கால்நடை இனப்பெருக்கப் பண்ணைக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று அவருடைய வக்கீல் கண்டுபிடித்துச் சொன்னார். மாட்டுப் பண்ணை என்றால் மாடு வேண்டும், பால் கணக்குக் கேட்பார்கள். குதிரையைப் பற்றி இந்தத் தாலுக்காவில் எவனுக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே குதிரைப் பண்ணை. நாலு வேலி நிலம், ஏறக்குறைய இருபத்தேழு ஏக்கர், ஒரே நாளில் காகிதத்தில் மேய்ச்சல் தரையாகிவிட்டது. கோப்பில் கொழுக்கட்டைப் புல், வயலில் நெல். தெற்குத் தெருவின் பதினெட்டுக் குடும்பங்கள் அதை உழுது, நட்டு, அறுத்து, பாதிக்கு மேல் பண்ணைக்களத்தில் அளந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஆளுக்கு நாலு மா, ஒன்றேகால் ஏக்கர் சொச்சம். எந்தத் தஸ்தாவேஜிலும் அவர்கள் பேர் கிடையாது. அதிகாரிகள் வருவார்கள், லாயத்தைப் பார்ப்பார்கள், போவார்கள். வரப்பில் ஒருவரும் இறங்கியதில்லை. செருப்பில் சேறு படும்.

லாயத்தில் மூன்று பெட்டைக் குதிரைகள், சினை சேர்க்க ஒரு 'பொலிக்குதிரை'. எல்லாம் கும்பகோணத்தில் வண்டி இழுத்துக் கழித்துவிட்டவை. பொலிக்குதிரை ராஜா சின்ன வயசிலேயே காயடிக்கப்பட்டது. வண்டிக்காரன் காயடிக்காத குதிரையை வைத்துப் பிழைக்க முடியுமா? வாலைத் தூக்கிப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மிராசுதார் பார்க்கவில்லை, பார்த்த அதிகாரிகளுக்கு இளநீர்தான் கண்ணில் பட்டது.

தணிக்கைக்கு முந்தின நாள் கும்பகோணத்திலிருந்து இரண்டு குட்டிகள் இரவலாக வரும். வண்டிக்காரர்களின் குட்டிகள்தான். பெட்டைகளின் பக்கத்தில் கட்டி வைப்பார்கள். தணிக்கை முடிந்த மறுநாள் திரும்பப் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே மறைக்கவே இல்லை, இலையில் பரிமாறி வைத்திருந்தார்கள்.

லாயத்தைப் பார்த்துக்கொண்டவன் வீரையன். தெற்குத் தெருக்காரன்தான், அவனுக்கும் அந்த நாலு வேலியில் நாலு மா வாரத்துக்கு, விளைச்சல் பங்குக்கு, உண்டு. விடிகாலையில் ஏர், வெயில் ஏறினால் லாயம். அவன் பெண்டாட்டி காத்தாயி நடவுக்காரி. ஒரே மகள் அம்சவல்லி.

முதல் தணிக்கை எழுபத்தொன்றில் நடந்தது. அம்சவல்லிக்குப் பன்னிரண்டோ பதிமூன்றோ. அப்பனுக்குக் கஞ்சி கொண்டு வந்தவள் தாசில்தாருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தாள். இரவல் குட்டிக்குப் பசி. பவானி என்ற பெட்டையின் மடியில் போய் முட்டியது. பவானி விட்டது ஒரு உதை. குட்டி சுவரோரம் போய் விழுந்தது.

"கம்பவுண்டர் சார், பவானிக்கு மடியே இல்லையே. காம்பு சுண்டுவெரல் நுனி கூட இல்ல. அது எப்படி சார் இதைப் பெத்துருக்கும்?" என்று என்னைக் கேட்டாள். மெதுவாகவும் கேட்கவில்லை.

தாசில்தார் இளநீரிலிருந்து வாயை எடுத்தார். குஞ்சிதபாதம் சிரித்தார். "பால் வத்திப் போச்சு. கோடையில்ல," என்றார். தாசில்தார் மறுபடி இளநீரில் வாயை வைத்தார்.

"சும்மா இரு பாப்பா," என்றேன் நான். பிழைக்கத் தெரிந்தவனின் பதில்.

அவள் சும்மா இருக்கவில்லை. மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். "சார், குதிரைக்கு எத்தனை மாசம் சினை?" என்றாள். பதினொன்று என்றேன். விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப போன வைகாசியில சினை புடிச்சிருக்கணும். போன வைகாசியில பவானி நம்ம ஊர்லயே இல்லையே சார்." நான் டிங்சர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. தெற்குத் தெருவில் பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் நாற்றங்காலுக்குப் போனார்கள். அம்சவல்லி மட்டும் திருக்காட்டுப்பள்ளிக்குப் படிக்கப் போனாள். பண்ணையிலிருந்து யாரும் வந்து ஏன் நடவுக்கு வரவில்லை என்று கேட்கவில்லை. மிராசுதாருக்கு அப்படியொரு நல்ல மனசு என்று நான்கூட நினைத்தேன். நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

பிளஸ் டூ வராத காலம். பி.யூ.சி. முடித்து, ஒதுக்கீட்டில் சென்னைக்கு மாட்டு வைத்தியம் படிக்கப் போனாள். உபகாரச் சம்பளத்தில் படிப்பு. லீவுக்கு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருவாள். மற்றவர்கள் கோழி, நாய், கறவை மாடு என்று போக, இவள் மட்டும் குதிரைச் சினையைப் பற்றியே பேசுவாள். "பொழைக்கிற வழியப் பாரும்மா, இந்த ஜில்லாவுல குதிரை ஏது?" என்றேன் ஒருநாள். "எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கு சார்," என்றாள். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.

பட்டம் வாங்கியதும் ஓசூர்ப் பக்கம் பந்தயக் குதிரை வளர்க்கும் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். பொலிக்குதிரைக் கொட்டகைக்குப் பெண்கள் வரக்கூடாது, குதிரை கலைந்துவிடும் என்றானாம் அங்கே இருந்த மேனேஜர். "கலையறது குதிரை இல்ல சார், அவன்தான்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பில் கோபம் இருந்தது. பெட்டைகளின் கொட்டகையிலேயே எட்டு மாதம் கிடந்தாள். ஈனுவதற்கு இரண்டு நாள் முன்னால் காம்பு நுனியில் மெழுகு மாதிரி துளி கட்டும் என்பதையும், கால் மடங்கிய குட்டியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வெளியே இழுக்க வேண்டும் என்பதையும் அங்கே கையால் கற்றுக்கொண்டாள். மேனேஜரே கூப்பிட்டு மாடன் என்கிற அவர்களுடைய விலை உயர்ந்த பொலிக்குதிரையைப் பார்க்கச் சொன்ன நாளும் வந்தது. பிறகு மறுபடி சென்னை. பெட்டைக் குதிரையின் பருவ காலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து எம்.வி.எஸ்சி. வாங்கினாள். எண்பத்தாறில் அரியானாவில் புதிதாகத் தொடங்கியிருந்த குதிரை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி வேலை கிடைத்தது. தெற்குத் தெருவிலிருந்து ஒரு விஞ்ஞானி. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன்கூடப் பட்டத்தை முடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வேலையில் சேரும் முன் பத்து நாள் ஊருக்கு வந்தாள். கத்திரி வெயில். குடமுருட்டியில் மணல்தான் ஓடியது. உளுந்து எடுத்து முடிந்து வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வண்டிகள் எரு அடித்துக்கொண்டிருந்தன. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்பதே ஊரின் ஒரே பேச்சு. வற்றின குட்டையைக் கலக்கிக் காத்தாயி கெளுத்தி பிடித்து வந்திருந்தாள். மகள் வந்ததற்காக என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கெளுத்திக் குழம்பும் சோறும். பாதிச் சாப்பாட்டில் துரைராசு வந்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன். அவனுக்கும் அந்த நாலு வேலியில் பங்கு உண்டு.

"அம்சம், நீ வந்ததே நல்லதாப் போச்சு," என்று ஒரு கட்டுக் காகிதத்தை அவள் முன்னால் வைத்தான். "நாங்க குடுத்த மனுவுக்குப் பதினோரு வருசம் கழிச்சு விசாரணை வச்சிருக்கான். வர்ற வியாழக்கெழமை. இது பண்ணை பைலோட நகலு. நீதான் குதிரைக்குப் படிச்சவ. இதெல்லாம் பொய்யின்னு ஆபீசர்கிட்டப் புரியிற மாதிரி சொல்லணும்."

அவள் இடது கையால் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். வலது கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்று, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். அவளுடைய முதல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பி அப்பன் பக்கம் தள்ளினாள்.

"அப்பா, இது யாரு ரேகை?"

வீரையன் காகிதத்தைப் பார்க்கவில்லை. "என்னுதுதான்."

"பதினஞ்சும்?"

"ம்."

"என்னா எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் வச்சியா?"

"குட்டி பொறந்துச்சு, நான் கிட்ட இருந்து பாத்தேன்னு எழுதியிருக்கும். அது தெரியாமயா வைப்பேன்."

துரைராசுவுக்கு இது புதுச் செய்தி. காகிதத்தில் 'குதிரைக் காப்பாளர்' என்று இருந்ததே தவிர, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அவ்வளவு தூரம் போகவில்லை. "அண்ணே, நீயா?" என்றான். "நாங்க அறுத்து, அடிச்சு, தூத்தி, அந்தாளு களத்துல அளந்து கொட்டிட்டுச் சாவியும் பதருமா வூட்டுக்கு வருவோம். நீ அங்க உக்காந்து கை வச்சுக் குடுத்துருக்க. ஒன் நாலு மாவும் அதுலதானேண்ணே இருக்கு?"

"அவரை என்னாத்துக்குக் கேக்கறீங்க? என்னையக் கேளுங்க," என்றாள் காத்தாயி. குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "ஏ அம்சம், சின்னப் புள்ளையில லாயத்துல வாயத் தொறந்தியே, மடியில பாலு இல்லன்னு. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மிராசுதாரு ஆள் வந்துடுச்சு. 'பொண்ணுக்கு வாய் நீளுது, நாளையிலேருந்து நடவுக்கு அனுப்பு. இல்லாட்டி கூரையப் பிரிச்சுக்கிட்டு ஊரை வுட்டுப் போ'ன்னாங்க. ஒங்கப்பா போயி கால்ல வுழுந்தாரு. 'வேண்டாங்கய்யா, அது படிக்கட்டும்'னாரு. 'அப்ப வருசா வருசம் வந்து கை வச்சுட்டுப் போ'ன்னாரு அந்த மவராசன். வச்சாரு. நீ போன ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு ரேகை."

அம்சவல்லி எழுந்து கையைக் கழுவினாள். திரும்பி வந்து அப்பன் முன்னால் நின்றாள்.

"நான் கேட்டனா? என்னைய நாத்துப் பறிக்க வுட்டிருக்கலாமே. பதினேழு குடும்பத்து வவுத்துல அடிச்சா என்னைப் படிக்க வைக்கச் சொன்னேன்? இனிமே நான் எந்தக் குதிரையத் தொட்டாலும் இந்தக் கட்டவெரல்தானேப்பா ஞாபகம் வரும்?"

"வரட்டும்," என்றான் வீரையன். அவன் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "வந்தா என்னா? வுட்டிருந்தா நீயும் ஒங்கம்மா மாதிரி இடுப்பு ஒடிஞ்சு நின்னுருப்ப. நெலமும் அவங்கிட்டதான் இருந்திருக்கும். நான் கை வைக்கலன்னா இன்னொருத்தன் வச்சிருப்பான். அவன் புள்ளை படிச்சிருக்கும். எம்புள்ளை படிக்கணும்னு நெனச்சேன். தப்புதான். மறுபடி அந்த வருசம் வந்தாலும் அதேதான் செய்வேன்."

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டான். "நீ வருவியா அம்சம்?"

"வர்றேண்ணே. நான் குதிரையப் பாத்துச் சொல்றேன். அப்பா என்ன சொல்லுதோ அது சொல்லட்டும்."

"நான் என்னா சொல்லணும்?" என்றான் வீரையன்.

"அதை நான் சொல்லித் தரமாட்டேன்ப்பா."

வியாழக்கிழமை டாக்டருக்கு வயிற்றுப்போக்கு. லீவு கடுதாசியையும் நான்தான் எழுதினேன். லாயத்து முன்னால் பந்தல் போட்டு, அதிகாரிக்கு மேஜையும் மின்விசிறியும் வைத்திருந்தார்கள். நிலச்சீர்திருத்த அதிகாரி இளவயசுக்காரர், இளநீர் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள். குஞ்சிதபாதம் புது வேட்டியில் இருந்தார். அவர் வேட்டிக் கரை ஆட்சிக்கு ஆட்சி மாறும், இடுப்பு மாறாது. பக்கத்தில் வக்கீல். வேலிக்கு வெளியே தெற்குத் தெரு முழுக்க வெயிலில் நின்றது.

"கம்பவுண்டர், வாளியில தண்ணியும் சோப்பும் கொண்டாங்க," என்றாள் அம்சவல்லி. இந்தத் தடவை 'சார்' இல்லை. நான் கொண்டு போனேன்.

பவானியின் மேலுதட்டில் வீரையன் கயிறு முறுக்கிப் பிடித்துக்கொண்டான். கிழக் குதிரை, நகரவில்லை. அவள் தோள் வரை உறையை மாட்டிச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு ஆசனவாய் வழியாக உள்ளே கையை விட்டாள். நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு வேறு உறை மாட்டிக் குட்டி வரும் வழியைப் பார்த்தாள். அதிகாரி எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய செருப்பில் சாணி பட்டது, அவர் கவனிக்கவில்லை.

"இந்தக் குதிரை பதினோரு குட்டி போட்டதா ரிக்கார்டு சொல்லுது சார்," என்றாள். "ஒரு குட்டிகூடப் போட்டதில்லை. கர்ப்பப்பை கன்னிக் குதிரையோடது, கைக்குள்ள அடங்குது. கன்னித்திரை கிழியவே இல்ல. குட்டியை விடுங்க, ஒரு ஆண்குதிரைகூட இதுகிட்ட வந்ததில்ல. அந்த ராஜாவைப் பாருங்க. கழுத்து பெட்டைக் கழுத்து மாதிரி மெலிஞ்சு இருக்கு. குட்டியிலயே காயடிச்சாதான் இப்படி நிக்கும்."

வேலிக்கு வெளியே ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. குஞ்சிதபாதத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் எழுந்தார்.

"ராஜாவுக்குப் போன வருஷம்தாங்க காயடிச்சோம், முரட்டுத்தனம் தாங்க முடியாம. திரை, கர்ப்பப்பை எல்லாம் இந்தம்மா வாய்ச்சொல். இவங்க யாரு? வாரதாரன் வீரையன் மக. நிலம் கெடைச்சா இவங்களுக்கும் பங்கு. அரசாங்க டாக்டர் பதினஞ்சு வருஷமா சான்றிதழ் குடுத்திருக்கார். இவங்க அப்பாவே கிட்ட இருந்து பாத்ததா ரேகை வச்சிருக்கார். எதை நம்பறது?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் சொல்றதுல சட்டப்படி ஒரு பாயிண்ட் இருக்கும்மா," என்றார். "மிருகம் சாட்சி சொல்லாது. ரிக்கார்டை மறுக்கறதுக்கு ரிக்கார்டுல சம்பந்தப்பட்டவங்க யாராவது சொல்லணும்."

சம்பந்தப்பட்டவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தோம். ஒருவன் குதிரையின் உதட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அம்சவல்லி அப்பனைப் பார்க்கவில்லை. உறையைக் கழற்றிக் கையைக் கழுவினாள்.

வீரையன் கயிற்றை அவிழ்த்தான். பவானியின் உதட்டைத் தேய்த்துவிட்டான். பிறகு மேஜை முன்னால் வந்து நின்றான். மிராசுதார் முன்னால் எப்போதும் இடுப்பில் கட்டும் துண்டு அன்று தோளிலேயே கிடந்தது.

"நான்தாங்க வீரையன். அந்த ரேகை பூரா என்னுது. ஒரு குட்டியும் பொறக்கலீங்க. கும்பகோணத்துலேருந்து வண்டியில ஏத்தியாந்து கட்டி வைப்போம், நீங்க போன மறுநாள் திருப்பி அனுப்பிடுவோம். ராஜா காயடிச்சேதான் வந்துச்சு. இந்த நாலு வேலியும் நாங்க பதினெட்டுப் பேரு உழுவுற நெலம். இப்ப வேணும்னாலும் நடந்து வந்து அறுத்த தாளைப் பாருங்க, புல்லு இல்ல, நெல்லு தாளு."

"டேய் வீரையா," என்றார் குஞ்சிதபாதம். "யோசிச்சுப் பேசு. பொய்ச்சாட்சின்னு உள்ள போவ."

"போறனுங்க. பொய் சொன்னது நெசந்தானே."

அதிகாரி எழுதிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "சான்றிதழ் எல்லாம் யார் எழுதினது?" என்றார். "டாக்டர் கையெழுத்துங்க சார்," என்றேன். கேட்டதற்கு அது பதிலே இல்லை. அவர் மேலே கேட்கவில்லை. வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வேலியோரம் ஊற்றினேன்.

அம்சவல்லி அரியானாவுக்குப் போனாள். விலக்கு ரத்து என்ற உத்தரவு வர மூன்று வருஷம் ஆனது. அதற்குள் ஆட்சி இரண்டு தரம் கைமாறியது, மிராசுதாரின் வேட்டிக் கரையும் கூடவே மாறியது. அவர் மீது வழக்கு என்று ஒன்றும் இல்லை. அறியாமல் நடந்த பிழை என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார். கூட்டுறவு சங்கத்துக்குத் தலைவரானார். பொய்யாகச் சாட்சி ரேகை வைத்ததற்காக வீரையன் மீது மட்டும் வழக்குப் போட்டார்கள். திருவையாற்றுக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தான், கடைசியில் எச்சரித்து விட்டார்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்களே, அது இதுதான்.

உபரி நிலத்துக்குப் பட்டா வழங்கும் விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அம்சவல்லி லீவு போட்டு வந்திருந்தாள். முதல் வரிசையில் குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார், அவருக்குத்தான் முதல் மாலை. பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். பதினேழு பேர். அதோடு முடிந்தது. வீரையன் பெயர் வரவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் அவள் துரைராசுவை மறித்தாள். "எங்கப்பா பேர் எங்கண்ணே?"

துரைராசு பட்டாவை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான். "ரிக்கார்டுல அவரு பண்ணை ஊழியர்னு இருக்காம்மா. குதிரைக் காப்பாளர். வாரத்துக்கு உழுதவரு லிஸ்டுல வரமாட்டாராம்."

"உழுதது உங்களுக்குத் தெரியாதா? சேந்துதானே ஏர் ஓட்டுனீங்க? பதினேழு பேரும் எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா திரும்ப விசாரணைம்பான். ஸ்டே வரும், எல்லாருதும் நின்னுபோவும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெருவுல வேற பேச்சு இருக்கு, அம்சம். பதினஞ்சு வருசம் கை வச்சவருதானேன்னு."

"அவரு சொல்லலன்னா ஒங்க கையில இந்தக் காயிதம் இருக்குமாண்ணே?"

"இருக்காதுதான்," என்று சொல்லிவிட்டு அவன் போனான். எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எந்த யோக்கியதையில்?

இரண்டு நாள் கழித்து அவள் என்னிடம் வந்தாள். ஆஸ்பத்திரித் திண்ணைப் படியில் வீரையன் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைத் தாளை மேஜை மேல் வைத்தாள்.

"திருவையாறுல வக்கீலைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். யாரு பட்டாவும் நின்னுபோவாது. ஒரே ஒரு திருத்தம்தான். வீரையன் பண்ணை ஊழியர் இல்ல, வாரத்துக்கு உழுதவரு, சான்றிதழ்ல காப்பாளர்னு எழுதினது மிராசுதார் சொல்லி நானே எழுதினதுன்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். அந்தப் பதினஞ்சும் உங்க எழுத்து. எனக்குத் தெரியும்."

"அம்சம்... எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கும்மா. பென்சன்ல கை வச்சுடுவான். ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது."

"எங்கப்பாவுக்கும் பொண்ணு இருந்துச்சு."

நான் அலமாரிச் சாவியைப் பையில் போட்டேன்.

"அன்னைக்கு ஆபீசர் கேட்டாரே. வாளியோட நின்னீங்களே. ஒரு வார்த்த." மேஜை மேல் இருந்த தாளை என் பக்கம் நகர்த்தினாள். "ராஜாவுக்கு எவனோ புடிச்சுக் கட்டிப்போட்டுக் காயடிச்சான். பாவம், அதுக்கு வேற வழியில்ல. உங்களை யாரு சார் கட்டிப்போட்டா?"

"ஏ அம்சம்," என்றான் வீரையன் வெளியிலிருந்து. "பெரியவரை அப்படிப் பேசாத. வா, பஸ்ஸு போயிடும்."

அவள் தாளை எடுத்துக்கொள்ளவில்லை. என் முன்னாலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் மேட்டூர் சரியான தேதிக்குத் திறந்தது. குறுவைக்கு நாற்றுப் பறிக்கிற காலையில் சைக்கிளில் போனேன். துரைராசுவின் நாலு மாவில் பத்துப் பேர் குனிந்திருந்தார்கள். கடைசியில் ஆளோடு ஆளாக வீரையன், கூலிக்கு. நேற்று வரை அவன் உழுத வயல் அதற்கு அடுத்தது. அதில் வேறொருவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வீரையன் நிமிர்ந்து, "நல்லா இருக்கீங்களா கம்பவுண்டரய்யா?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து மேஜை இழுப்பறையைத் திறந்தேன். தாள் இருந்தது. பேனா சட்டைப்பையில் இருந்தது. மசி நிறைய இருந்தது. வாசலில் மாட்டோடு நாலு பேர் காத்திருந்தார்கள், ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை.

நான் எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்து முழுப் பென்சனோடு ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள்.